தாரணியின் இருபத்தொரு கிலோ

எங்கள் மேட்டு வீதியில் யார் இளைத்தாலும் அந்த எடை என் மேல் வந்து ஏறிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆற்றுத் தண்ணீர் எந்தக் கிழமை வரும், குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பது தெரிந்திருப்பதைப் போல. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் அதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு இதையும் சொல்லிவிடுவார்கள். "நடக்கறது, பட்டினி கெடக்கறது, இப்பிடி எதாச்சும் ஆரம்பிக்கறதா இருந்தா டெய்லரக்காகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அவங்க ஜாக்கெட்டப் பிரிச்சு உடோணும் பாருங்க."

டெய்லரக்கா என்பது நான்தான். பேர் சுலோச்சனா. முன்னறை ஜன்னலோரமாக மிஷினைப் போட்டு இருபத்தாறு வருடமாக ரவிக்கை தைக்கிறேன். வீதியில் இருக்கிற அத்தனை பெண்களின் கைச்சுற்றும் மார்பும் இடுப்பும் என் நோட்டில் இருக்கின்றன. யார் எப்போது பூரித்தார்கள், யார் எப்போது வாடினார்கள் என்பது அவரவர் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் என் டேப்புக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் என் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, சித்திரை வெயிலில் குளிரெடுத்து, மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்து தலை சாய்ந்து, குரல் தடித்து, போனில் பேசுகிறவர்கள் என்னை "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு, ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு குறைவாகச் சுரக்கிறது, உயிர் உள்ளவரை தினம் ஒரு மாத்திரை என்றார்கள். அந்த டாக்டர் தலை நிமிராமலே காலையில் போடுங்கள் என்றார். எனக்குக் காலை என்றால் காப்பி. அன்றிலிருந்து காப்பியை ஆற்றி, மாத்திரையை நாக்கில் வைத்து, முதல் வாய்க் காப்பியோடு விழுங்கினேன், ஒரு நாள் தவறாமல், ஒரு நாள் மறக்காமல், நல்ல பிள்ளையாக. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ இருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். தாள் மெல்லிசாக இருந்ததால் ரவிக்கைக் கொக்கிகளை மடித்து வைக்க எடுத்துக்கொண்டேன்.

மாத்திரை போட்டும் எடை ஏறியது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று கொள்ளு ரசம் வைத்துக் குடித்தேன், வாழைத்தண்டைச் சாறு பிழிந்து குடித்தேன், வெந்நீரில் தேன் விட்டுக் குடித்தேன், சோற்றை ஒரு கரண்டியாக்கினேன், ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தியை ஒன்றாக்கி, ஒன்றைப் பாதியாக்கினேன். கல்யாண வீட்டுப் பந்தியில் நான் இலையைப் பாதியில் மூடும்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், வீட்டில் போய்ச் சேர்த்துத் தின்பாள் என்று. திருப்பூரில் இருக்கிற என் மகனே போனில், "அம்மா, நெசத்தச் சொல்லுங்க, பொரி உருண்டை எதாச்சும் ஒளிச்சு வெச்சுத் திங்கறீங்களா" என்று கேட்டான். பசியோடு படுத்து, பசியோடு எழுந்து, பழியையும் சுமந்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கோமளா, மகள் நிச்சயத்துக்கு இளைக்க வேண்டும் என்று பள்ளிக்கூட மைதானத்தைத் தினமும் பத்துச் சுற்று சுற்றி, நாலு கிலோ குறைந்து, ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தாள். அவள் ரவிக்கைக் கையில் நான் ஊசி குத்தி ஒரு இஞ்ச் பிடிக்கவும், என் ரவிக்கைக் கையில் தையல் படபடவென்று ஒரு இஞ்ச் விடவும் சரியாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தோம். ஏறிய சதை கோமளாவுடையதுதான், சந்தேகமே இல்லை. அவள் பூசுகிற பவுடர் வாசனை அதில் அடித்தது, சாயந்திரம் ஏழரைக்கு அவள் பார்க்கிற தொடர் வருகிற நேரத்தில் என் கை தானாகத் துடித்தது.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் வெல்லச் சந்தையில் எடை போடுகிறவர். அவரிடம் சொன்னபோது அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "எடைன்னு ஒண்ணு இருந்தா அது எங்கியாச்சும் போய்ச் சேரத்தான் வேணும். ஒரு மூட்டையில கொறஞ்சா இன்னொரு மூட்டையில ஏறியிருக்கும். முப்பது வருசமாப் பாக்கறனே" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. மறுநாள் கட்டிலின் அந்தப் பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துப் பலப்படுத்தினார்.

வீதிப் பெண்கள் முதலில் சங்கடப்பட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள், ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் இளைக்கக் கூடாது, கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்கு முன்னுரிமை. சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவர்கள் ஐப்பசி பிறந்ததும் வாசலில் வந்து நின்று, "அக்கா, விரதம் இருக்கறனுங்க, சம்மதந்தானுங்களா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சூரசம்ஹாரத்தன்று நான் பூசணிக்காய் மாதிரி ஊதியிருப்பேன், மறுநாள் அவர்கள் பாரணை முடித்துச் சாப்பிட்டாலும் என்னிடம் வந்தது வந்ததுதான், திரும்பிப் போகாது. சொல்லாமல் ரகசியமாக இளைத்த ஒருத்தியை என் முதுகுத் தையல் காட்டிக்கொடுத்து, அவள் இரண்டு மாதம் தலை குனிந்து நடந்தாள். ரேஷன் கடையில் எனக்கு வரிசை கிடையாது, ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். வீடு வீடாக வந்து எடை குறித்துக்கொள்ளும் நர்ஸம்மா என் பேருக்கு நேராக "பிறர் எடை" என்று எழுதிக்கொண்டு போனாள். எனக்கும் கோபம் இல்லை. கொஞ்சம் பயம் இருந்தது, அவ்வளவுதான். எனக்கு எதைப் பார்த்தாலும் கொஞ்சம் பயம்தான், அயர்ன் பெட்டியை அணைத்தேனா, கேஸைத் திருகினேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்க்கிறவள் நான்.

எல்லாவற்றுக்கும் பயந்தவள், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு மைனாவதி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். லாரியில் போன புருஷன் திரும்பி வராமலே போய்விட, ஒரே மகள் தாரணியை இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்த கையால் வளர்த்தாள். தாரணி ஈரோட்டில் நர்ஸிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பாவாடை சட்டைக் காலத்திலிருந்து அவளுக்கு நான்தான் தைக்கிறேன், வளர்கிற பிள்ளை என்று எல்லா உடுப்பிலும் உள்ளே இரண்டு இஞ்ச் துணி விட்டுத்தான் தைப்பேன். அவளுக்கு அளவெடுப்பது மட்டும் பெரிய பாடு. இடது இடுப்பில் டேப் பட்டால் போதும், விக்கல் மாதிரி ஒன்று கிளம்பி, அதிலிருந்து சிரிப்பு புறப்பட்டு, நெளிந்து, என் மேலேயே விழுந்து சிரிப்பாள்.

தை மாதம், லீவு முடிந்து வைக்கிற கல்லூரிப் பொங்கலுக்கு எல்லோரும் சேலை கட்டுகிறார்கள் என்று துணியோடு வந்தாள். என் இடுப்பு அந்த மாதம் யாரும் இளைக்காமலே இரண்டு இஞ்ச் ஏறியிருந்தது, யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு, எல்லோரும் சத்தியம் பண்ணியிருந்தார்கள். அவளுடைய கைச்சுற்று நோட்டில் பதினொன்று. டேப்பில் ஒன்பதரை.

"ஏங்கண்ணு, நீதானா அது. இத்தனை எளச்சுப்போட்டயே, என்ன பண்ணுனே, எனக்கும் சொல்லித் தா."

"ஒண்ணுமே பண்ணலீங்க பெரியம்மா. சோறு எறங்க மாட்டீங்குது, அவ்வளவுதான்."

"குடுத்து வெச்சவ நீயி," என்றேன்.

இதைத்தான் சொன்னேன். எட்டு வருடமாகக் கொள்ளுக்கும் தண்டுக்கும் இறங்காத உடம்பைச் சுமந்த பொறாமையில், சோறு இறங்காத ஒரு பெண்ணைப் பார்த்துக் குடுத்து வெச்சவ என்றேன். அவள் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, "அப்ப என்ற எடை உங்ககிட்டத்தான் இருக்குதுங்களா பெரியம்மா? பத்தரமா வெச்சுக்குங்க. கேக்கறப்பக் குடுத்துரோணும்" என்று சிரித்தாள்.

"எடுத்துட்டுப் போ சாமி, இன்னைக்கே எடுத்துட்டுப் போ," என்று நானும் சிரித்தேன்.

மைனாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதரை என்று நோட்டில் எழுதி, தேதி போட்டு, மூடி வைத்தேன்.

பங்குனியில் காய்ச்சல் வந்தது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்ப் பார்த்து, ரத்தத்திலேயே நோய் என்றார்கள், முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற அவள் இறங்கினாள், அவள் இறங்க இறங்க நான் ஏறினேன். ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் நாற்பத்தைந்தானபோது எனக்கு அவளுக்குப் பிடித்த புளிப்பு மாங்காய் மேல் ஆசை வந்தது, நாற்பதானபோது தூக்கத்தில் எலும்புகளின் பெயரை வரிசையாக இங்கிலீஷில் சொன்னேனாம், வீட்டுக்காரர் சொன்னார். அவர் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய் மூட்டை நிறுக்கிற மேடையில் ஏற்றிப் பார்த்தார். தைக்கு முன்னால் எண்பத்துநாலு. இப்போது தொண்ணூற்றாறு. அவர் மேடை விளக்கை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீதியில் அன்றைக்கே எல்லோரும் இளைப்பதை நிறுத்தினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாக நின்றது. மைதானத்தில் நடப்பவர்கள் இல்லை, விரதம் இருப்பவர்கள் இல்லை, கோமளா கிருத்திகையன்று முருகன் படத்தின் முன்னால் நின்று, "மன்னிச்சுக்கோ சாமி, ரோட்டுல கூட்டமா இருந்தா அந்தப் புள்ளையோடது திரும்பிப் போக வழியிருக்காது" என்று சொல்லிவிட்டு நாலு இட்லி சாப்பிட்டாள். தாரணியின் எடை திரும்பிப் போவதற்கு வழியைக் காலி பண்ணி வைத்துக்கொண்டு மொத்த வீதியும் காத்திருந்தது.

ஆனி மாதம் ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் தினமும் போய் அவள் கட்டிலில் உட்காருவேன். ஒரு நாள் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள், அந்தப் பெரிய கையை, அது யாருடையது என்று தெரிந்துகொண்டு பார்த்தாள்.

"பெரியம்மா, குடுத்துருங்க."

கொடுக்க எனக்குத் தெரியவில்லை. பதினொரு நாள் பட்டினி கிடந்தேன், காலையில் மாத்திரைக்கு அந்த ஒரு வாய்க் காப்பி, பிறகு தண்ணீர், வேறு ஒன்றும் இல்லை. அவள் பக்கத்தில் படுத்து அவள் கையை என் கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டேன், வயிற்றோடு வயிற்றை வைத்துக்கொண்டேன், போ, போ என்று என் சதையிடம் மன்றாடினேன். பன்னிரண்டாம் நாள் மேடையில் ஏறினால் நூறு கிராம்கூடக் குறையவில்லை. வாங்கத் தெரிந்த உடம்பு, கொடுக்கத் தெரியாத உடம்பு. மைனா கஞ்சியை வடிகட்டி வடிகட்டிக் கரண்டியில் எடுத்துக்கொண்டு, "ஒரு வாய் சாமி, ஒரே வாய்" என்று நின்றுகொண்டிருப்பாள், இருநூறு பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வந்த அதே கரண்டி.

ஆனி இருபத்தேழாம் தேதி காலையில் தாரணி போய்விட்டாள்.

தூக்கிக்கொண்டு போனவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். முப்பது கிலோ வெல்லம் கட்டிய மூட்டையைச் சந்தையில் சிப்பம் என்பார்கள். திரும்பி வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ஒரு சிப்பம், ஒரு கிலோ" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு ஊற்றுவதை நிறுத்தாமல் தொட்டித் தண்ணீர் முழுக்க ஊற்றினார்.

மூன்றாம் நாள் மைனா என் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"அக்கா, முப்பத்தொண்ணத்தான் கொண்டுட்டுப் போனாங்க. இருபத்தொண்ணு உங்ககிட்ட இருக்குதுங்க."

உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இடது இடுப்பில் ஒரு விரலை வைத்தாள். எனக்குக் கூச்சம் என்பதே கிடையாது, என் தோல் தைராய்டில் மரத்துப்போன தோல். ஆனால் எங்கிருந்தோ ஒரு விக்கல் கிளம்பியது, அதிலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டது, என் தடித்த குரல் இல்லை, மெல்லிசாக, நெளிந்து நெளிந்து, என்னால் நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வர வரச் சிரித்தேன். மைனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எதிர்வீட்டில் கோமளா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு வீதி அதையும் ஏற்றுக்கொண்டது. எனக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று கோயில் பூசாரியிடம் கேட்டார்கள், அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பதினாறு நாளில் ஆறரை நாள் எனக்குச் சேரும் என்றார், ஏழாம் நாள் மத்தியானம்வரை நான் மிஷினைத் தொடவில்லை. தாரணியோடு படித்த பெண்கள் துக்கம் கேட்க வந்தபோது மைனா வீட்டில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் அனுப்பினார்கள். ஒருத்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் முழங்கையைப் பார்த்து, பரீட்சை முடிவு வந்துவிட்டது, நீ எழுதிய இரண்டு பேப்பரிலும் பாஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐப்பசியில் அவள் பிறந்தநாளுக்கு என் கைக்குப் போடக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார்கள், ஊரில் இருந்ததிலேயே பெரிய அளவு, அதுவும் ஏறவில்லை, சோப்புப் போட்டு ஏற்றினார்கள்.

மைனா தினமும் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சமையல் முடிந்து வருவாள். மாங்காயைக் கீறி உப்பு மிளகாய் தூவிக் கொண்டுவருவாள். என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் யார் முட்டையைக் கீழே போட்டான், யார் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டாள் என்று கைக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். போகும்போது ஒரு தடவை இடுப்பைத் தொடுவாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுத்தான் போவாள். துக்கத்தில் அவளும் இளைத்தாள், அதுவும் என்னிடம்தான் வந்தது. மகளுக்குப் பக்கத்தில் தாயும் வந்து உட்கார்ந்துகொண்டாள். நூற்றொன்பது.

மார்கழியில் என் கால் வீங்கியது. செருப்பு ஏறவில்லை, நாக்குத் தடித்துப் பேச்சு குழறியது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு நாள் மூன்றரை மணிக்கு, கை மைனாவின் மடியில் இருக்கும்போதே, ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தேன். என் வீட்டுக்காரரும் மைனாவும் சந்தை ஆட்கள் நாலு பேரும் சேர்ந்து என்னை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. என் கழுத்தைத் தொட்டு, கணுக்காலை அமுக்கி, ரத்தம் பார்த்து, நெஞ்சை ஸ்கேன் எடுத்து, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மாத்திரைய எப்பிடிப் போடறீங்கம்மா?"

"காலைல காப்பியோடங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருசமா?"

"எட்டு வருசமாங்க. ஒரு நாள் உட்டதில்லீங்க."

"காப்பியோட போட்டா அது உடம்புல சரியாச் சேராதும்மா, பெரும்பகுதி வீணாப் போயிரும். காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியில போடோணும். அரை மணி நேரமாச்சும் கழிச்சுத்தான் காப்பி. யாரும் சொல்லலீங்களா?"

டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். இந்த ஏறிய எடையில் நிறைய நீர்தான், இதயத்தைச் சுற்றியும் நீர் கோத்திருக்கிறது, இப்படியே விட்டால் உயிருக்கு ஆகாது, மாத்திரையைக் கொஞ்சமாக ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்றலாம், ஒழுங்காகச் சேர்ந்தால் உடம்பு தானாக இறங்கும். எனக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது. இறங்கியிருக்கும். ஆனி மாதம் அந்தப் பிள்ளை குடுத்துருங்க என்று கேட்ட நாளில், நான் பதினொரு நாள் பட்டினி கிடந்து போ போ என்று மன்றாடிய நாளில், என் உடம்பு கொடுக்கத் தெரிந்த உடம்பாக இருந்திருக்கும். நடுவில் நின்றது ஒரு டம்ளர் காப்பி.

மைனாவுக்கும் ஒன்றுதான் காதில் விழுந்திருந்தது, உடம்பு இறங்கும் என்பது. வீட்டுக்கு வந்து, எல்லோரும் போன பிறகு, என் முட்டியில் கை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"காப்பியோடயே போட்டுக்கறீங்களாக்கா? கொஞ்ச நாளைக்கு. அவளுக்கு வருசம் திரும்பற வரைக்கும்."

"செரி மைனா," என்றேன்.

தெரிந்தே காப்பியோடு போட்டேன், பத்தொன்பது நாள். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இருபதாம் நாள் காலையில் சொன்னார், "நீ போயிட்டீன்னா அந்தப் புள்ளையும் ரெண்டாந்தடவை போயிரும். அதை யோசனை பண்ணுனீங்களா ரெண்டு பேரும்." நான் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

அன்று மூன்று மணிக்கு மைனா வந்தபோது எனக்குச் சிரிக்க மூச்சில்லை. அவள் விரல் பட்டதும் சிரிப்பு கிளம்பி, பாதியில் இருமலாகி, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் பயந்து என் நெஞ்சில் காதை வைத்தாள். மகளைக் கேட்கத்தான் வைத்தாள் என்று நினைக்கிறேன். வைத்த காதை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பிறகு எழுந்து, மாங்காய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கதவு தட்டுகிற சத்தம். மைனா ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றாள்.

"மாத்திரை எங்கீங்கக்கா?"

"மைனா, நீதான..."

"உங்க நெஞ்சு தண்ணிக்குள்ள இருந்து கூப்படற மாதிரி கேக்குதுங்க. ஒருத்தி எளைக்கறதப் பாத்துட்டுச் சும்மா இருந்தேன். இன்னொருத்தி வீங்கறதப் பாத்துட்டும் சும்மா இருந்தா நானெல்லாம் மனுசியா. வாயத் தொறங்க."

வெறும் தண்ணீரில் விழுங்கினேன். அவள் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டாள், அரை மணி நேரத்துக்குள் நான் காப்பிப் பக்கம் போகாமல் காவல் இருக்க. பேசுவதற்கு வேறு ஒன்றும் இல்லாத அந்த அரை மணியில்தான் நான் சொன்னேன்.

"மைனா, தையிலயே எனக்குத் தெரியும். கைச்சுத்து ஒன்னரை இஞ்ச் கொறஞ்சிருந்துது. உன்றகிட்டச் சொல்லல. குடுத்து வெச்சவன்னு சொல்லி அனுப்பிச்சேன்."

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானுந்தான் சொன்னனுங்க. அந்தச் சேலையக் கட்டிட்டு நின்னப்ப, சினிமாக்காரியாட்டம் இருக்கறே, இப்பிடியே இருந்துக்கோன்னு சொன்னேன்."

அரை மணி முடிந்ததும் அவளே காப்பி போட்டாள். இரண்டு பேரும் குடித்தோம்.

அதிலிருந்து தினமும் வந்தாள். தையில் இரண்டு கிலோ இறங்கியது, மாசியில் நாலு, பங்குனியில் ஐந்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே என் டேப்பை எடுத்து என் கைச்சுற்றை அளப்பாள், நோட்டை எடுத்துத் தாரணியின் பக்கத்தில் எழுதுவாள். பதினேழு. பதினாறரை. பதினாறு. ஒவ்வொரு அரை இஞ்சுக்கும் டேப்பைச் சுற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியில் போய் நின்றுவிட்டு வருவாள். எனக்கு முடி திரும்ப முளைத்தது, குளிர் விட்டது, குரல் மெலிந்தது, மாங்காய் எனக்கு வெறும் புளிப்பானது. வீதியில் என்னைப் பார்க்கிறவர்கள் இளைத்துவிட்டாய் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வார்த்தையை எங்கள் வீதியில் இப்போது யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எடை என்று ஒன்று இருந்தால் அது எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தை மேடையை வண்டியில் ஏற்றி வீதிக்கே கொண்டுவந்து, கிழவிகள் முதல் கைக்குழந்தைகள் வரை ஒவ்வொருவரையும் ஏற்றி நிறுத்தார். மைனாவை மூன்று தடவை ஏற்றினார். அவள் பெரிய நம்பிக்கையோடு ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் ஒரு கிராம் கூடவில்லை. நின்றவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் காலி மேடையைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார். அதற்குப் பிறகு கோமளா மறுபடி நடக்க ஆரம்பித்து இரண்டு கிலோ குறைந்தாள். அதுவும் என்னிடம் வரவில்லை. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனி பிறந்து வருடம் திரும்ப நாலு நாள் இருந்தது. காலை ஐந்தரைக்கு மைனா வந்தாள், தண்ணீர் கொடுத்தாள், நான் விழுங்கினேன். எண்பத்துமூன்றுக்கு வந்திருந்தேன். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாதி நேரம் போயிருக்கும். அவள் கையை நீட்டி என் இடது இடுப்பில் ஒரு விரலை வைத்தாள். மாசிக்குப் பிறகு அவள் அங்கே தொட்டதில்லை.

ஒன்றும் கிளம்பவில்லை. விரல் இருக்கிறது என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

அவள் விரலை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். விக்கல் மாதிரி ஆரம்பித்து, மெல்லிசாக, நெளிந்து, எத்தனையோ தடவை என் வாய் வழியாகவே வந்த சிரிப்புதானே என்று எனக்குத் தெரிந்த மட்டும் அந்தப் பிள்ளையைப் போலவே சிரித்துப் பார்த்தேன். அது ஒரு ஐம்பது வயதுக்காரியின் சிரிப்பாகத்தான் வந்தது.

மைனா கண்ணைத் திறந்தாள். விரலை எடுத்து, என் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிவிட்டாள்.

"போதும்க்கா," என்றாள்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் பத்து நிமிசம் இருக்குது. அதுக்குள்ள நான் பாலைக் காய வெக்கறேன்."